வெறுந்தட்டுச் சோதனை

“டாக்டரம்மா, நீங்க எங்கிட்ட எதையோ மறைக்கீங்க.”

சண்பகவடிவு அறைக்குள் வந்து சொன்ன முதல் வார்த்தை இது. வணக்கம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

டாக்டர் ஹெப்சிபா எதிர் நாற்காலியைக் காட்டினார்.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனை. அதில் மார்பகப் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு. ஹெப்சிபாதான் அங்கே அறுவை சிகிச்சை செய்பவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் பதில் வரும் என்று நிச்சயம் கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீர் வரலாம், எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிடலாம். வருகிற பெண்களோ அவரை ஒரு குருவாகவே நினைத்துக் கும்பிட்டார்கள்.

சண்பகவடிவை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. சிஷ்யை என்று யாராவது சொன்னால் அடிக்க வந்துவிடுவாள். அவள் முத்திரை ஆய்வாளர். கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற அரசாங்க வேலை. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவன், கல்லின் அடியில் இருக்கும் ஈயத்தைச் சுரண்டி எடுத்தவன், எல்லோரும் அவளிடம் மாட்டியிருக்கிறார்கள். “வாங்க மேடம், டீ சாப்பிடுதீங்களா?” என்று சிரிக்கிற கடையில்தான் அவள் முதலில் ஏறுவாள்.

ஐம்பது வயதைத் தாண்டியபின் அந்தப் பழக்கம் ஆபீஸோடு நிற்கவில்லை. இடது மார்பில் புற்றுநோய் என்று வந்தபோது அவள் முதலில் சந்தேகப்பட்டது ஸ்கேன் மிஷினை. வேறு ஊரில் போய் இன்னொரு ஸ்கேன் எடுத்தாள். சதையைக் கிள்ளி எடுத்துச் செய்கிற பரிசோதனையையும் இரண்டு இடத்தில் செய்து பார்த்தாள். எல்லாம் ஒன்றையே சொல்லின.

“என்ன மறைக்கிறேன்?” என்று கேட்டார் ஹெப்சிபா.

“உள்ள பல இடத்துல கட்டி இருக்கு, மாரை முழுசா எடுத்துத்தான் ஆகணும்னீங்க. சரி, ஒத்துக்கிடுதேன். அதுக்குப் பொறவு என்ன செய்யன்னு கேட்டா நாலு வழி சொல்லுதீங்க.”

“ஆமா. எடுத்துட்டுத் தட்டையா விட்டுடலாம். உள்ள சிலிக்கான் பை வைக்கலாம். உங்க வயித்துச் சதையை எடுத்து மார் மாதிரி செஞ்சு வைக்கலாம். இல்லேன்னா இப்ப சும்மா விட்டுட்டு, பின்னால வேணும்னு தோணினா செய்யலாம்.”

“இதுல எது நல்லது?”

“உங்க உடம்புக்கு நாலும் ஒத்துவரும்.”

“எது நல்லதுன்னுல்லா கேட்டேன்?”

ஹெப்சிபா அவளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

சண்பகவடிவு அதைத் தொடவில்லை. விலை சொல்லாமல் இழுக்கிற கடைக்காரர்களை அவள் நிறையப் பார்த்தவள். ஆளின் கைப்பையைப் பார்த்து விலை போடுகிற ஜாதி.

“அப்ப ஒண்ணும் வேண்டாம். எடுத்துட்டுத் தைச்சு விட்ருங்க. இந்த வயசுல எனக்கு எதுக்கு அதெல்லாம்? முந்தானைக்கு அடியில யாருக்குத் தெரியப் போவுது?”

“சரி. திங்கக்கிழமை பண்ணிடலாம்.”

சண்பகவடிவு எழுந்திருக்கவில்லை.

“ஏன் ஒடனே சரின்னுட்டீங்க?”

“நீங்க கேட்டீங்களே.”

*

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அந்தச் ‘சரி’ அவளைக் குடையத் தொடங்கியது.

பாளையங்கோட்டை வருவதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை, கணவர் ஆவுடையப்பனையும் இழுத்துக்கொண்டு போய் நின்றாள்.

“நான் பிழைக்க மாட்டேன். அதானே?”

ஆவுடையப்பன் பதறிவிட்டார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். “ஏ வடிவு, என்ன பேச்சு இது?” என்றார்.

“நீங்க சும்மா இருங்க. சாவப் போறவளுக்குப் புதுசா மார் எதுக்குன்னுதானே, கேட்டதும் சரின்னுட்டாவ?”

ஹெப்சிபா இந்தக் கேள்விக்கு ஜன்னல் பக்கம் போகவில்லை.

“பிழைப்பீங்கன்னு நம்பித்தான் கத்தியை எடுக்கிறேன். நேத்து நீங்க வந்திருந்தா இதை இன்னும் தைரியமா சொல்லுவேன். தள்ளிப் போட்டா இப்படிச் சொல்ல முடியாது. நோய் உங்களுக்காக லீவு போடாது.”

“சரி, அப்படியே வச்சுக்கிடுவோம்,” என்றாள் சண்பகவடிவு. இந்தப் பதிலில் அவளால் குறை காண முடியவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆவுடையப்பன் மெல்ல அவள் பக்கம் திரும்பினார். “ஒனக்கு எது இஷ்டமோ அதைச் செய், வடிவு. எனக்கு எதுன்னாலும் சம்மதம்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சேலை இஷ்டம் என்றுகூடக் கேட்டறியாத மனிதர். இன்றைக்கு மட்டும் என்ன திடீர்ப் பாசம்? மனசுக்குள் அவருக்கு மார் வேண்டும்; வாயால் கேட்க வெட்கம். அப்படித்தான் அவள் முடிவு கட்டினாள். பாவம், அந்த மனுஷன் நல்லதைச் சொல்லியும் மாட்டிக்கொண்டார்.

*

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்கனவே ஆபரேஷன் ஆன பெண்களில் சிலர் வியாழக்கிழமை தோறும் வருவார்கள். புதிதாக வந்தவள் கேட்டால், திரைக்குப் பின்னால் ரவிக்கையைக் கழற்றிக் காட்டுவார்கள். டாக்டர் அந்தப் பக்கம் வர மாட்டார்.

சிஸ்டர் லில்லிபுஷ்பம் சண்பகவடிவைத் திரைக்குள் விட்டுவிட்டுப் போனாள்.

உள்ளே இரண்டு பேர். மேலப்பாளையத்து நூர்ஜகான் வயிற்றுச் சதையால் மார்பு செய்துகொண்டவள். கோமு அப்படியே தட்டையாக விட்டவள்.

சண்பகவடிவு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நூர்ஜகானின் தழும்பை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தாள். வயிற்றின் தழும்பையும் காட்டச் சொன்னாள். ஆபீஸில் எடைக்கல்லின் முத்திரையைப் பார்க்கிற அதே பார்வை.

“நெசத்தைச் சொல்லு. ஒன்னை இப்படிப் பேசச் சொன்னது யாரு?”

“நான் இன்னும் பேசவே இல்லையேக்கா,” என்று சிரித்தாள் நூர்ஜகான். “சரி, சொல்றேன் கேளுங்க. இது மரத்துப் போய்க் கிடக்கு. கிள்ளினாத் தெரியாது. வயித்துல இன்னும் இழுத்துப் பிடிக்கும். குளிச்சிட்டுத் துண்டு கட்டும்போது கண்ணு அங்க போவும். இருக்கும். எனக்கு அது போதும்.”

சண்பகவடிவு கோமுவிடம் திரும்பினாள். “நீ?”

“எனக்கு ஒண்ணும் தோணல. ஒரு ஆபரேஷனோட போச்சேன்னு நிம்மதி. வெயில் காலத்துல காத்தோட்டமா இருக்கு.”

“ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மாத்திப் பேசுதீங்களே?”

“ரெண்டு பேரும் வேற வேற ஆளுல்லா?” என்றாள் கோமு.

குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் யாரையும் வியாழக்கிழமைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று சண்பகவடிவு உடனே கணக்குப் போட்டாள். கடைக்காரன் நல்ல கல்லை மேசைமேல் வைத்து, திருட்டுக் கல்லைச் சாக்குக்குள் வைப்பான். லில்லிபுஷ்பத்திடம் போய், சந்தோஷமாக இல்லாத ஒருத்தியைக் காட்டச் சொன்னாள். “அவங்க நம்பர் தர்றேன், பேசறதுக்கு அவங்களே சம்மதிச்சிருக்காங்க,” என்று சிஸ்டர் உடனே தந்துவிட்டாள்.

அவ்வளவு சுலபமாகத் தந்ததால் சண்பகவடிவு அந்த நம்பருக்குப் பேசவே இல்லை.

*

ஆபரேஷன் தேதி மறுபடியும் தள்ளிப்போயிற்று. இந்த முறை ஹெப்சிபாவே கூப்பிட்டு அனுப்பினார்.

அறையில் நான்கு பேர்: டாக்டர், சிஸ்டர், சண்பகவடிவு, அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆவுடையப்பன்.

“இனிமே தள்ள முடியாதும்மா. இன்னைக்கு முடிவு சொல்லணும்.”

“அதான் அன்னைக்கே சொன்னேனே. ஒண்ணும் வேண்டாம்னு.”

“ஒண்ணும் வேண்டாம்னா, அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். எதுக்குத் திரும்பத் திரும்ப வந்து விசாரிக்கிறீங்க?”

“விசாரிக்கக் கூடாதாக்கும்?”

ஹெப்சிபா சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார்.

“ஒரு கடைக்குள்ள போறீங்க. தராசைச் சோதிக்கணும். முதல்ல என்ன செய்வீங்க?”

“தட்டுல கெடக்கிறதையெல்லாம் எறக்கச் சொல்லுவேன். வெறுந்தட்டுல முள்ளு எங்க நிக்குன்னு பாக்கணும். அதைப் பாக்காம எந்தக் கல்லைத் தூக்கி வச்சாலும் பிரயோசனம் இல்ல.”

“சரி. இந்த ரூம்ல உங்களுக்கு யார் மேல சந்தேகம்?”

இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவள் போல அவள் கையை நீட்டினாள். “இவுக மேல.”

“சார், வெளியில இருங்க,” என்றார் ஹெப்சிபா.

ஆவுடையப்பன் கைப்பையோடு எழுந்து போனார்.

“வேற?”

“கேட்டதும் நம்பரைத் தூக்கிக் குடுத்தாளே, இந்த சிஸ்டரு.”

லில்லிபுஷ்பம் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையசைத்தார். அவளும் போனாள்.

“வேற?”

சண்பகவடிவு ஒரு நொடிதான் தயங்கினாள். “நீங்க.”

ஹெப்சிபா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

“இன்னும் யாராவது இருக்காங்களா?”

இது என்ன நாடகம் என்று சண்பகவடிவுக்குக் கோபம் வந்தது. கூரையைப் பார்த்தாள்; கேமரா எதுவும் இல்லை. திரையை விலக்கிப் பார்த்தாள், காலிக் கட்டில். கைகழுவுகிற இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் அவள் முகமும் தோளும் மட்டும் தெரிந்தன.

சும்மா இருக்க முடியாமல் விசாரணையைத் தானே தொடங்கினாள். இந்த வயதில் எதற்கு என்று யார் சொன்னது? டாக்டர் சொல்லவில்லை. நூர்ஜகான் சொல்லவில்லை, கோமுவும் சொல்லவில்லை. இவர், பாவம், எதற்கும் சம்மதம் என்றார். ஆபீஸில் யாருக்கும் விஷயமே தெரியாது. சாகக் கிடக்கிறாள், ஆசையைப் பார் என்று யாராவது பேசினார்களா? ஒருவர்கூட இல்லை. அந்தப் பேச்சை அவள் தன் மனசுக்குள்ளே தவிர வேறு எங்கேயும் கேட்டதில்லை.

கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாள். எக்கி நின்றால் மார்புவரை தெரிந்தது. இடது தோளில் முந்தானையைக் குத்தியிருந்த பின்னைக் கழற்றினாள். காலையில் சேலை கட்டும்போதெல்லாம் முந்தானையை இந்த மார்பின் மேல் இழுத்து, மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். யாருக்காகவும் இல்லை. ஆபீஸுக்குக் கிளம்புமுன் தனக்கே ஒரு திருப்தி. அதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியதாகவும் இருந்ததில்லை.

உள்ளங்கையை அங்கே வைத்தாள். எத்தனையோ டாக்டர்கள் தொட்டுப் பார்த்தாயிற்று. நோய் என்று தெரிந்த பிறகு அவள் தொடுவது இதுதான் முதல் தடவை.

அழுகை வந்தது. கடைத்தெருவே பயப்படுகிற ஆய்வாளர், கைகழுவுகிற குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதாள். அவளுக்குத் தன்மேலேயே இரக்கமாக இருந்தது. இத்தனை நாளில் அதற்குக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

வெளியே யாரும் கதவைத் தட்டவில்லை.

முகத்தைக் கழுவினாள். பின்னைக் குத்திக்கொண்டாள். கதவைத் திறந்தாள்.

மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“வயித்துச் சதையை எடுத்து வச்சிருங்க, டாக்டரம்மா. மாரை எடுக்கிற அன்னைக்கே.”

ஆவுடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. “வேண்டவே வேண்டாம்னுல்லா ஒத்தக் கால்ல நின்ன? மனசு மாறிட்டியா, வடிவு?”

“மாறல,” என்றாள். “மொத நாள்லயே இதான். கேக்கத்தான் வெக்கமா இருந்துச்சு.”