மல்லாந்து மிதித்த நீர்நாயும் நிமிர்ந்து மிதித்த கடமானும்

ஆற்றங்கரைக் காட்டில் கோடன் என்றொரு கடமான் இருந்தது. கொம்பைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி அது சைக்கிள் மிதிக்கும் அழகே அழகு! அதே கரையில் வள்ளை என்ற நீர்நாய், தண்ணீரில் மல்லாந்து மிதக்கிற மாதிரியே சாய்ந்து மிதிக்க, தரையோடு தரையாக ஒரு சைக்கிள் செய்து வைத்திருந்தது.

"என்ன வள்ளை, தலையணை வேண்டாமா?" என்று சீண்டியது கோடன்.

"வேண்டாம் அண்ணே! படுத்துக்கிட்டே உங்களை முந்துவேன்!"

அது ஆடி மாதம். முயல் செவந்திக்குப் பிரசவ வலி எடுத்தது. உச்சிப் பொழுதாகியும் குட்டி வெளியே வரவில்லை. "மருத்துவச்சியைக் கூட்டிட்டு வாங்க, உயிர் போகுதே!" என்று அலறியது.

மருத்துவச்சியான முள்ளம்பன்றி இருந்ததோ பெரிய பொட்டலுக்கு அந்தப் பக்கம். கோடனும் வள்ளையும் கிளம்பின.

பொட்டலில் ஆடிக்காற்று எதிரே வந்து அறைந்தது. கோடனின் அகன்ற நெஞ்சிலும் கிளைத்த கொம்பிலும் மோதி, அதை நின்ற இடத்திலேயே நிறுத்தியது. வள்ளையைக் காற்று கண்டுகொள்ளவே இல்லை. அது பாட்டுக்கு மேலே வீசிக்கொண்டு போனது.

"நிமிர்ந்தே நில்லுங்க அண்ணே! நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்!" என்று வள்ளை பறந்தது.

சேதி கேட்டதும் முள்ளம்பன்றி அவசரமாகப் பச்சிலை அரைத்து, மூட்டை கட்டி, வெளியே வந்தது. சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"நான் எங்கடா உட்கார? உன் வயித்து மேலயா?"

வள்ளை தன் வயிற்றையும் அந்த முட்களையும் மாறி மாறிப் பார்த்தது. பெருமையெல்லாம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. "ஐயோ, செவந்தி செத்துப்போகுமே!" என்று அழுதேவிட்டது.

அப்போது மூச்சிரைக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தது கோடன்.

"திரும்பிப் போக மனசு வரலை. ஏறுங்கம்மா கேரியர்ல!"

திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம். அதே அகன்ற உடம்பை இப்போது அது தள்ளு தள்ளென்று தள்ளியது. காற்றின் தள்ளு கிடைக்காத வள்ளை பின்னால் வியர்த்து விறுவிறுத்து வந்தது.

பொழுது சாய்வதற்குள் செவந்தியின் மடியில் மூன்று குட்டிகள்!

"மருந்து அரைச்சே கொண்டு வந்ததால தப்பிச்சே" என்று செவந்தியிடம் சொன்னது மருத்துவச்சி.

"அது எங்க வள்ளை முந்திப் போய்ச் சேதி சொன்னதால!" என்று காடே கேட்கக் கத்தியது கோடன்.

"அம்மாவைச் சுமந்தது எங்க அண்ணன்!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தியது வள்ளை, கோடனின் முதுகில் தைத்திருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடி.

பெருமை இருக்கட்டும் பிள்ளைகளே, ஆனால் அதில் இன்னொருவர் ஏறி உட்காரவும் இடம் இருக்கட்டும்!