விசில் வராத குக்கர்

இந்தக் கதையில் குருவுக்குச் சீடனைவிடப் பத்து வயது குறைவு. அதுவே நல்லசிவத்துக்குப் பாதி எரிச்சல்.

திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் எஞ்சினியராக இருந்தவர் அவர். அறிவியலை ஊருக்கெல்லாம் புரியும்படி எழுதப்போகிறேன் என்று நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தார். குரு சுலோசனா, ஒரு சின்ன அறிவியல் மாத இதழின் ஆசிரியர். எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று நல்லசிவம்தான் வலியப் போய்க் கேட்டார். கேட்டது தப்பாகப் போயிற்று.

பிரஷர் குக்கரைப் பற்றிய ஒரே கட்டுரை மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. இதற்கிடையில் பழைய ஆபீசிலிருந்து அழைப்பு: திங்கட்கிழமை வந்தால் அதே நாற்காலி, இல்லாவிட்டால் வேறு ஆள். வீட்டிலும் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் நாலாவது தடவையாக எழுதியதைத் தூக்கிக்கொண்டு போனார். சுலோசனா அலுவலகச் சமையலறையில், அடுப்பை மறைத்தாற்போல் நின்றிருந்தார். ஆளுக்கொரு நாள் சமையல். அன்றைக்கு அவர் முறை.

"மேடம், இதுல ஒரு இங்கிலீஷ் வார்த்தை கிடையாது. சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது."

"படிங்க."

நல்லசிவம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'கலனின் உள்ளழுத்தம் வரையறுக்கப்பட்ட அளவை விஞ்சுங்கால், எடைசார் சீராக்கியானது தன்னிலையினின்று உயர்த்தப்பட்டு...'"

"எடைசார் சீராக்கின்னா?"

"வெயிட்டு, மேடம்."

"ஓ."

அந்த 'ஓ'வைக் கேட்டதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓன்னா என்ன மேடம் அர்த்தம்? நல்லா இருக்கா, இல்லையா? வேலைய விட்டுட்டு நடுத்தெருவுல நிக்கிறேன். திங்கட்கிழமை அங்க போறதா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன்!"

சுலோசனா கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பி அடுப்பின் மேலிருந்த குக்கரைப் பார்த்தார்.

"சார், ரொம்ப நேரமாச்சு, விசிலே வரல. என்ன செய்யணும்? உங்க கட்டுரையப் பார்த்துச் சொல்லுங்க."

நல்லசிவம் பக்கங்களைப் புரட்டினார். முதல் பக்கத்தில் நீராவியின் இயல்புகள். இரண்டாவதில் அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள தொடர்பு. மூன்றாவதில் ஒரு சமன்பாடு. "இருங்க மேடம், இங்கதான் எங்கேயோ..."

"சரி, நானே திறந்து பார்த்துடறேன்." சுலோசனா மூடியின் கைப்பிடியைப் பிடித்துத் திருகப் போனார்.

"ஐயய்யோ! தொடாதீங்க!" கட்டுரை கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் சிதறியது. "மொதல்ல அடுப்ப அணைங்க! ஆவி அடங்குற வரைக்கும் மூடிகிட்டயே போகாதீங்க! வெயிட்டுக்குக் கீழ இருக்கிற ஓட்டையில பருப்பு கிருப்பு போயி அடைச்சிருக்கும். நல்லா ஆறட்டும், அப்புறமா திறந்து, ஓட்டைய ஊதிப் பாருங்க. இப்பத் திறந்தீங்க, மூடி மூஞ்சியில வந்து அடிக்கும்!"

சுலோசனா கையை எடுத்தார். ஒதுங்கி நின்றார். அடுப்பு எரியவே இல்லை. பாய்லரோடு காலம் தள்ளியவருக்கு, அடுப்பில் நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. குக்கருக்குள் ஊறப்போட்ட பருப்பு சாதுவாகக் கிடந்தது.

நல்லசிவத்துக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "விளையாட்டா மேடம் இது? என் உயிரே போயிடுச்சு!"

"இப்பக் கத்தினீங்களே, அது யாருக்காக?"

"இதென்ன கேள்வி? உங்களுக்காகத்தான். கை வெந்துடுமே!"

"எனக்கு நல்லாப் புரிஞ்சுது." சுலோசனா குனிந்து, சிதறிய தாள்களைப் பொறுக்கி அவரிடம் நீட்டினார். "இது யாருக்காக?"

நல்லசிவம் எரிச்சலோடு தாள்களை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் குரல் இறங்கி, "பழைய ஆபீஸ்ல எவனாவது படிச்சுட்டு, 'என்னய்யா சின்னப்புள்ளத்தனமா எழுதியிருக்கான்'னு சிரிச்சுடுவானோன்னு..." என்றார்.

சுலோசனா அடுப்பைப் பற்றவைத்தார்.

"அவங்களுக்காக எழுதுறதா இருந்தா, திங்கட்கிழமை அங்கேயே போயிடுங்க சார். என் கை வேகக் கூடாதுன்னு நினைச்சு எழுதுறதா இருந்தா, இங்க உட்காருங்க."