முந்திரி தின்ற ரேகை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு முந்திரி ஆலை. வாசல் மெஷினில் விரல் வைத்தால்தான் கதவு திறக்கும். மூன்று நாள் விரல் பதியாவிட்டால் மெஷினே வேலையிலிருந்து பேரை எடுத்துவிடும். இருபது வருடமாகக் கொட்டை உடைத்து, ஓட்டிலிருந்து கசியும் எண்ணெயில் ரேகை வெந்துபோன தாசம்மாளின் பேர் அப்படித்தான் போனது.

"தெனமும் வாசல்ல வந்து நிக்கேனே சாரே!"

"மெஷின் பொய் சொல்லாது. நீ வேலைக்கு வரல்ல," என்றார் மேனேஜர் ஜெபசிங், முதலாளி பக்கத்தில் நிற்கிற மிடுக்கில்.

"சாரு வெரல் வச்சா தெறக்குமா?"

வைத்தார். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது.

"மெஷின் பொய் சொல்லாதுதான். வேல செய்யாத வெரல எப்பிடிக் கண்டுபிடிக்கி, பாத்தியளா!"

சொன்ன கையோடு, கதவு மூடுமுன் உள்ளே நுழைந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். முதலாளி மேனேஜரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.