வாய்கட்டிய உலகம்மையார்

அன்று காலை திருமணற்குடி அம்மன் சன்னிதியின் முன்மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்: தர்மகர்த்தா தெய்வநாயகம் பிள்ளை, நடேச குருக்கள், பூத்தொடுக்கும் உலகம்மையார், அவருடைய தமையனார் தாணுப்பிள்ளை, நந்தவனத்தில் நீர் இறைக்கும் செண்பகவடிவு, அவள் மகள் ஆவுடை. வேறு ஒருவரும் இல்லை. தாமும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் வாசலில்கூட நிற்கவில்லை.

உலகம்மையார் நல்ல குடியில் பிறந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து தமையன் வீட்டுக்கு வந்தார். அங்கே சோற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் விடியுமுன் எழுந்து, ஈரப்புடவையோடு நந்தவனத்துக்குப் போய், மொட்டுப் பறித்து, வாழைநாரில் அம்மனுக்கு மாலை தொடுத்தார். மூச்சுக் காற்று பூவில் படலாகாது என்பதற்காக வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்வார். பூவைத் தலையில் சூடும் உரிமையை உலகம் அவரிடமிருந்து பறித்திருந்தது. பூவைத் தொடுக்கும் உரிமையே அவருக்கு மிஞ்சியது. அதற்கு அவர் கூலி வாங்கியதில்லை. பிள்ளைவீட்டுப் பெண் கூலிவேலை செய்கிறாள் என்று பேசியவர்கள் அறியாமல் பேசினார்கள்.

நீர் இறைக்க வருகிற பெண்களின் சிறு பிள்ளைகள் கிணற்றடி மணலில் விளையாடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ‘ஆனா ஆவன்னா’ என்று தொடங்கினால் மடை திறந்ததுபோல் ஒப்பிப்பார்கள். நடுவிலே ஓர் எழுத்தைக் காட்டினால் விழிப்பார்கள். ‘மரம்’ என்று எழுதிக் காட்டினால், “மானா, ரானா, இம்மன்னா” என்பாள் ஆவுடை. மூன்று பெயரையும் எத்தனை வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் அதில் மரம் வரவில்லை.

பிள்ளைகள் ‘பூவம்மா’ என்று அழைத்த உலகம்மையார், எழுத்தின் பெயர்களை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்தார். மணலில் ‘ம’ எழுதி அதன் தலைமேல் ஒரு மல்லிகை மொட்டை வைப்பார். “மொட்டு இருக்கா? எழுத்து இன்னும் விரியலே, வாயை மூடு” என்பார். பிள்ளைகள் உதடு மூடி ‘ம்’ என்று முனகுவார்கள். மொட்டை எடுத்தால் வாய் மலர்ந்து ‘ம’ வரும். எழுத்துகளை அறுந்துபோகாமல், நாரில் பூக்கோப்பதுபோல் சேர்த்துச் சொல்லப் பழக்கினார். ஆவுடைக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. மணலைப் பார்க்காமல் இவர் உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதனால் அவள் படிக்கும்போதெல்லாம் இவர் வாய்த்துணியை அவிழ்ப்பதில்லை.

அந்த மொட்டுகள்தான் வினையாயின. மார்கழித் திருவாதிரை அன்று அம்மனுக்குச் சாத்திய மாலை சற்றுக் குட்டையாக இருந்தது. கிணற்றடி மணலில் மொட்டுகள் கிடப்பதைத் தர்மகர்த்தா கண்டார். அம்மன் பூவைத் திருடி மண்ணில் போட்டு மிதிக்கவிடுகிறாள் என்ற பேச்சு தெருவெங்கும் பரவியது. மறுநாள் காலை விசாரணை வைத்தார்கள். அம்மனுக்குரிய பூவை எடுத்தவர் இனி நந்தவனத்தில் கால் வைக்கக்கூடாது என்பது கோயில் கட்டு. அது உலகம்மையாருக்கு உயிரை எடுப்பதற்குச் சமம்.

அவை செடியடியில் உதிர்ந்து கிடந்தவை, உதிர்ந்தது அம்மனுக்கு ஆகாது, மாலை குட்டையானது பனியில் பூ குறைந்ததால் என்று அவர் சொன்னார். யார் பார்த்தார்கள் என்று தர்மகர்த்தா கேட்டார். சூடம் ஏற்றி அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்.

“மாட்டேன் அண்ணாச்சி. என் மானத்துக்காக அம்மையைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன்.”

தாணுப்பிள்ளை தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தை சத்தியம் செய்துவிட்டால் குடும்பத்தின் பெயர் மிஞ்சும் என்று தங்கையிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. குற்றம் உண்மை என்பதால்தான் மறுக்கிறாள் என்றார் தெய்வநாயகம் பிள்ளை.

நடேச குருக்கள், “அவ கேக்க வேண்டாம். நாம அம்மையைக் கேப்போம். திருவுளச் சீட்டுப் போட்டுடலாம்” என்றார். ஒரு சீட்டில் ‘தொடு’ என்றும் மற்றதில் ‘தொடாதே’ என்றும் எல்லோர் கண்முன்னும் எழுதி, சுருட்டி, குலுக்கி, அம்மன் திருவடியில் வைத்தார். சீட்டை எடுப்பது சிறு குழந்தையாக இருப்பது வழக்கம். அங்கே இருந்த குழந்தை ஆவுடை ஒருத்திதான். அவள் ஒன்றை எடுத்துக் குருக்களிடம் நீட்டினாள்.

தர்மகர்த்தா கையமர்த்தினார். “பொறும் சாமி. எழுத்துக்குப் பேரே வேண்டாம்னு சொல்லிக்கொடுக்கா இவ. அவ வளத்த புள்ளைதானே, அதுவே படிக்கட்டும். படிக்கலேன்னா அதுவும் ஒரு பதில்தான்.”

செண்பகவடிவின் மகள் வாயில் ஒரு வீட்டின் மானம் தொங்கியது. ஆவுடை சீட்டை விரித்தாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு, பழைய பழக்கத்தில், உலகம்மையாரின் உதட்டைத் தேடினாள்.

சீட்டு அவருக்கும் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. நாக்கு நுனி அசைந்தால் போதும், குழந்தை பிடித்துக்கொள்வாள். உலகம்மையார் இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து வாயில் கட்டி முடிச்சிட்டார். கண்களையும் மூடிக்கொண்டார்.

ஆவுடைக்கு வேறு வழியில்லை. எழுத்தைப் பார்த்தாள்.

“தெ...” என்றாள்.

“தெயாம்! ரெண்டு சீட்டிலேயும் இல்லாத எழுத்து” என்று சிரித்தார் தர்மகர்த்தா. சீட்டைப் பிடுங்க நீண்ட அவர் கையைக் குருக்கள் தடுத்தார். படித்து முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்றார்.

குழந்தையின் விரல் மெல்ல நகர்ந்தது. முன்னால் கொம்பு, நடுவில் எழுத்து. அதற்குப் பின்னால் ஒரு கால் நிற்பதை இப்போதுதான் கண்டாள். “தெ இல்லே. தொ...” என்றாள்.

இரண்டு சீட்டுக்கும் முதலெழுத்து அதுதான். அடுத்த எழுத்துக்குக் கால் இருந்தால் உலகம்மையாரின் தொண்டு அன்றோடு முடிந்தது. தாணுப்பிள்ளை தூணைப் பற்றிக்கொண்டார். ஆவுடையின் விரல் அங்கேயே தயங்கியது. உதடுகள் ஒலியில்லாமல் அசைந்தன.

“தொ... டு” என்றாள். பிறகு நார் அறாமல் கோத்து, “தொடு. பூவம்மா, தொடுன்னு இருக்கு!”

துணிக்கு மேலே உலகம்மையாரின் கண்ணீர் இறங்கி அதை நனைத்தது. குருக்கள் உள்ளே போய் அம்மன் தோளிலிருந்த மாலையை எடுத்துவந்தார். கணவரை இழந்த பெண்ணுக்கு மாலை கொடுப்பது அந்நாளில் வழக்கமில்லை. அவர் கொடுத்தார். “இது என் கை இல்லேம்மா” என்று மட்டும் சொன்னார். உலகம்மையார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாலையிலிருந்து ஒரு மொட்டு தரையில் உதிர்ந்தது. அதைக் குனிந்து எடுத்து ஆவுடையின் கையில் வைத்தார்.

அதன்பின் அவர் உயிரோடிருந்த நாளெல்லாம் மாலை தொடுத்தார். உதிர்ந்த மொட்டுகள் பிள்ளைகளின் எழுத்துகளுக்குப் புள்ளியாயின. பறித்ததெல்லாம் அம்மைக்கென்றும் உதிர்ந்ததெல்லாம் குழந்தைக்கென்றும் வாழ்ந்த அவரை அடியார் என்று சொல்ல நாவு கூசுவதில்லை.

இரக்கப்பட்ட குருக்கள் இரண்டு சீட்டிலும் ‘தொடு’ என்றே எழுதிவிட்டார் என்று ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. அது பொய். மற்றச் சீட்டைத் தெய்வநாயகம் பிள்ளையே தம் கையால் பிரித்தார். அதில் ‘தொடாதே’ என்று இருந்தது.