பலகையின் பின்பக்கம்

"டீச்சர், ஜனங்க போர்டைப் படிக்கிறதே இல்லை" என்றார் தணிகைவேல்.

ஹபீபா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"தலைக்கு மேல எழுதித் தொங்குது. அதுக்கு அடியிலேயே நின்னுக்கிட்டு வாட்ச்மேனைக் கேக்கறாங்க. ஸ்கேன் எங்க, மருந்து எங்க தர்றாங்க, கக்கூஸ் எங்கன்னு."

"சரி."

"சரின்னா எப்படி டீச்சர்? எனக்கு அலுத்துப் போச்சு."

அது அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகம் சொன்னது.

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு. இன்சூரன்ஸ் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சொந்தபந்தமெல்லாம் வாய்விட்டுச் சிரித்த பிறகும், இந்தப் படிப்புக்கு வந்தவர் தணிகைவேல். பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, சந்தை என்று கூட்டம் அலைமோதும் இடங்களில் வழி சொல்லும் போர்டுகளை எப்படி அமைப்பது என்பதுதான் படிப்பு. ஹபீபா கையெழுத்துப் போட்டால் அது முடியும். ரெண்டு வருஷமாக அவர் போடவில்லை.

கடைசி வேலையாக, ஊரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வராண்டா முழுக்கப் போர்டு செய்து மாட்டியிருந்தார் தணிகைவேல். அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில்தான் இப்போது ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுத்தைப் பெரிசாக்கினேன். கலரை மாத்தினேன். படிக்கத் தெரியாதவங்களுக்குப் படம் போட்டேன். கேட்டுல இருந்து ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் கால் கடுக்க நடந்து பாத்துட்டேன். ஒரு இடத்துல தப்பு இருக்கா?"

"இல்லைண்ணே."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன்."

"ஏன்?"

ஹபீபா டீயைக் குடித்தார்.

இந்த மௌனம்தான் தணிகைவேலுக்கு ஆகாது. திட்டினால்கூட வாங்கிக்கொள்வார். மடியில் வைத்திருந்த ஃபைலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கும் போடலைன்னா நான் படிப்பை விட்டுடறேன் டீச்சர். மச்சான் ஹார்டுவேர் கடைக்கு ஆள் தேடறான். நாளையில இருந்து ஆணி நிறுத்துக் குடுக்கறேன்."

சும்மா மிரட்டவில்லை. மச்சானிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அதை நினைக்கும்போதே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

ஹபீபா கிளாஸைக் கீழே வைத்தார்.

"வண்டியை எங்க நிறுத்துவீங்க?"

"பின்கேட்டுல. கேன்டீன் பக்கம். ஏன்?"

"வேலை முடிஞ்சதும்?"

"அந்த வழியாவே வீட்டுக்குப் போயிடுவேன்."

"இன்னிக்கு ஒரு காரியம் செய்யுங்க. கடைசி வார்டு வாசல்ல போய் உக்காருங்க. யாராவது கிளம்பினா, எதுவும் சொல்லாம பின்னாடியே நடங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுவீங்களா?"

"போங்கண்ணே."

ஃபைலையும் எடுத்துக்கொண்டு தணிகைவேல் போனார்.

கடைசி வார்டு வாசலில் ஒரு பெஞ்சு. பினாயில் வாடை. ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. டீச்சரின் தலை கண்ணுக்கு மறைந்த தைரியத்தில் வாய்க்குள்ளேயே நாலு வார்த்தை திட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் வெளியே வந்தார். எழுபது வயதிருக்கும். ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி. அதற்குள் பிளாஸ்க், தட்டு, ஒரு சேலை, பெண்கள் போடும் செருப்பு. இன்னொரு கையில் சுருட்டிய பாய்.

வராண்டாவில் நடந்தார். தணிகைவேல் பின்னால் நடந்தார்.

முதல் திருப்பத்தில் பெரியவர் நின்று அண்ணாந்து பார்த்தார். எதையோ படித்துவிட்டு இடப்பக்கம் போனார். அடுத்த திருப்பத்திலும் அண்ணாந்து பார்த்தார். வலப்பக்கம் போனார். அப்படியே நடந்து, கிளம்பின வார்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார்.

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார்.

"வந்துட்டே இருக்கேன்ப்பா... தெரியலப்பா எங்க இருக்கேன்னு. ஒரே வராண்டாவா இருக்கு... வண்டிய எடுத்துறாதீங்கப்பா. அவள நான் இல்லாம கொண்டு போயிறாதீங்க."

போனை வைத்தார். வாளியை எடுத்தார். மறுபடி நடந்தார்.

டீச்சர் எதுவும் சொல்லக் கூடாது என்றிருந்தார். தணிகைவேலால் முடியவில்லை.

"ஐயா, எங்க போகணும்?"

"மெயின் கேட்டுக்குப்பா. பசங்க எங்க வீட்டு அம்மாவ வண்டியில ஏத்திட்டாங்க. சாமான எடுத்துட்டு வாங்கன்னு என்னை அனுப்பிச்சாங்க. வர்றப்ப ஸ்ட்ரெச்சர் பின்னாடியே ஓடி வந்தேன். அவ மொகத்தத்தான் பாத்துட்டு வந்தேன், வழியப் பாக்கல."

"போர்டு இருக்குங்களே ஐயா" என்று பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது.

"பாத்துட்டுத்தான்பா நடக்கிறேன்."

பெரியவர் பாயால் மேலே காட்டினார்.

"அங்க பதினாலுன்னு போட்டிருந்துச்சு. இங்க ஒம்பதுன்னு இருக்கு. குறைஞ்சுக்கிட்டே போனா வாசல் வந்துரும்னு நெனச்சேன். அடுத்ததுல இருவதுங்குது."

தணிகைவேல் அண்ணாந்து பார்த்தார்.

வெறும் தகரம். நாலு மூலையிலும் ஆணி. நடுவில், மாட்ட வந்தவன் சாக்பீஸில் கிறுக்கிய நம்பர். அதற்கப்பால் தொங்கிய போர்டிலும் தகரம்தான். வராண்டா கண்ணுக்கெட்டிய மட்டும் அவர் செய்த போர்டுகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் உள்ளே வருகிறவர்களைப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

"நம்பரு தப்பாப்பா?" என்று பெரியவர் கேட்டார்.



"நீங்க சரியாத்தான் படிச்சீங்க ஐயா."

வராண்டாக்கள் குறுக்கிடும் இடத்தில் மட்டும் ஒரு போர்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஸ்கேன். ரத்தப் பரிசோதனை. மருந்து வழங்குமிடம்."



"அதுக்கெல்லாம் இனி வேலை இல்லப்பா."

தணிகைவேல் ஒரு கையில் வாளியையும் ஒரு கையில் பாயையும் வாங்கிக்கொண்டார். பெரியவர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரும் நடந்தார்கள்.

முன்கேட்டில் வண்டி நின்றது. மகன்கள் ஓடி வந்து அப்பாவைத் தாங்கி ஏற்றினார்கள். தணிகைவேல் வாளியைக் கொடுத்தார். பாயைக் கொடுத்தார். வண்டி போய்விட்டது.

ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு வந்தார். ஹபீபா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். தணிகைவேல் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

டீ வந்தது. ஆறியது.

"ஃபைல் எங்கண்ணே?"

கைகளைப் பார்த்துக்கொண்டார். ரெண்டும் காலியாக இருந்தன.

"வார்டு வாசல்லயே விட்டுட்டேன் போலிருக்கு."

"எடுத்துட்டு வரலையா? கையெழுத்துக்குத்தானே காலையில இருந்து சண்டை."

"வேண்டாம் டீச்சர்."

"ஏன்?"

"அதுல இருக்கிறது பாதி வழிதான்."

ஹபீபா பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

"இப்ப எடுத்துட்டு வாங்க."