ஊசிமார் ஒரே பக்கம் தலைவைத்த கதை

அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரியாத துகளுக்குக்கூட வாயும் பேச்சும் இருந்தன. அப்போது ஒரு துளிக்குள் ஊசிமார் என்றொரு கூட்டம் குடியிருந்தது. குச்சி போன்ற உடம்பு. ஒரு முனை தலை, மறுமுனை கால். எண்ணெய்போல வழுக்கி ஓடினாலும் எல்லாரும் ஒரே வாக்கில்தான் படுப்பார்கள். ஆனால் ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால் இருக்க வேண்டும். அது அவர்கள் கட்டுப்பாடு.

காரணம் மின்னல். துளிக்கு வெளியே அலைந்த மின்னலுக்கு ஊசிமாரின் தலைகள்மேல் ஆசை. அது எவ்வளவு கத்தி இழுத்தாலும், பாதிப் பேர் தலை இங்கும் பாதிப் பேர் தலை அங்குமாக இருந்ததால் துளி அசைந்து கொடுக்கவில்லை.

துளியின் ஓரத்தில் ஈர்க்கி என்பவள் தன் புருஷன் சிராயனோடு இருந்தாள். அவன் தலை அவள் கால்மாட்டில். குரல் கேட்டிருக்கிறாளே தவிர, முகம் பார்த்ததில்லை.

ஒரு நாள் குளிர் வந்தது. இதுவரை யாரும் அறியாத குளிர். ஊசிமார் நெருங்கி நெருங்கி ஒடுங்கினார்கள். பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். அசையாதே."

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள். பதில் இல்லை. காலால் தொட்டாள். அவன் விறைத்துக் கிடந்தான். செத்துப்போய்விட்டான் என்றே ஈர்க்கி நினைத்தாள்.

"ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துடறேன்" என்று முனகியபடி அவள் திரும்பினாள்.

சிராயன் கண் திறந்தான். உயிரோடுதான் இருந்தான். "ஐயோ, என்ன பண்ணிட்டே!" என்றான். அவளோ அழுதுகொண்டே சிரித்தாள்.

அதைப் பார்த்து, அவளைப் போலவே மறுபக்கம் தலைவைத்திருந்த இன்னோர் ஊசியும் திரும்பியது. அப்படிக் கிடந்த மற்றொன்றும் திரும்பியது. குளிரில் நடுங்கிய அத்தனை பேருக்கும் ஒரு முகம் வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் துளி முழுக்க எல்லாத் தலையும் ஒரே பக்கம்.

அப்போது வெகு தூரத்தில் மின்னல் மூச்சு விட்டது. கத்தக்கூட இல்லை.

அந்த மூச்சுக்கே துளி மொத்தமும் சாய்ந்தது. அதன் ஓரம் கொம்புபோல் கூர்ந்து, மெல்லிய தாரையாகப் பீறிட்டது. ஓரத்தில் இருந்தவர்கள் அலறிக்கொண்டே வெளியே போனார்கள்.

"ஈர்க்கி, திரும்பு! பழையபடி திரும்பு!" சிராயன் கத்தினான்.

அவள் முண்டினாள். சுற்றியிருந்தவர்களின் இறுக்கம் அவளைத் திரும்பவே விடவில்லை. "திரும்பினவங்க எல்லாரும் பழையபடி திரும்புங்களேன்!" என்று கதறினாள். ஆளுக்கு ஆள் அடுத்தவர் முதலில் திரும்பட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் கண்ணெதிரே, இன்றுதான் பார்த்த அந்த முகம் தாரையோடு நீண்டு, சிறுத்து, இருட்டில் போய்விட்டது.

பிறகு வெயில் வந்தது. சூட்டில் ஊசிமாரின் பிடி தளர்ந்தது. பழையபடி தலையும் காலுமாகப் படுத்தார்கள். இனி திரும்புவதில்லை என்று சத்தியமும் செய்தார்கள். ஆனால் அடுத்த குளிர் வந்ததும் பயம் வந்தது. பயம் வந்ததும் திரும்பினார்கள்.

அன்று முதல்தான் திரவமாக ஓடியும் படிகம்போல வரிசை காக்கும் சில திரவப் படிகங்கள் குளிர்ந்ததும், அவற்றுள் இருக்கும் ஊசிமார் அத்தனை பேரும் ஒரே பக்கம் தலைவைத்துக் கிடக்கிறார்கள். மின்சாரம் எந்தப் பக்கம் மெல்ல மூச்சுவிட்டாலும், ஒருவர் மிச்சமில்லாமல் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.