வெள்ளையணு ஏன் கரையைத் தடவிக்கொண்டு போகிறது

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருந்த ஒவ்வொன்றும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, வெள்ளையணுக்களுக்குக் காது இருந்தது. பத்து வளைவுக்கு அப்பால் யாராவது முனகினாலும் கேட்டுவிடும். இரத்த ஆற்றைக் காவல் காப்பது அவர்கள் வேலை. காவல்காரர்களின் கர்வத்துக்குக் கேட்பானேன்! சிவப்பணுக்கள் காற்றைச் சுமந்து முண்டியடித்து ஓட, இவர்கள் நடு ஆற்றில் மிதந்து போவார்கள். கரையைத் தொடமாட்டார்கள். இரத்தக் குழாயின் உள்சுவராக ஒட்டிக் கிடந்த கரையணுக்கள் அவர்களுக்குக் கீழானவர்களாம். எந்தப் புண்ணியவான் அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தானோ, எல்லோரும் அதைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

குதிகால் பக்கம் வெள்ளைச்சாமி என்பவனின் காவல். அங்கே கரைச்சி என்றொரு கரையணு இருந்தாள். அவன் கடக்கும்போதெல்லாம், "பாத்துப் போ தம்பி" என்பாள். அவனுக்கு அது உள்ளூரப் பிடிக்கும். ஆனால் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

ஒருநாள் குதிகாலில் கருவேல முள் ஏறியது. முள்ளோடு வந்த கிருமி ஒன்று கரைச்சியின் முதுகுக்குப் பின்னால் குடியேறியது.

"தம்பி, ஓடி வா! பின்னால என்னமோ என்னை அரிக்குது!"

"யாருடா அது?" என்று அதட்டினான் வெள்ளைச்சாமி.

கிருமி தேனொழுகப் பேசியது. "உங்க வம்சந்தான் அண்ணே. எலும்புக்குள்ள பொறந்தவன். வழி தவறி ஒதுங்கியிருக்கேன். இவளுக்கு என்னைக் கண்டாலே ஆகல."

"பொய்யி! அது பேச்சைக் கேக்காத தம்பி. என்மேல ஒரு கை வச்சுப் பாரு. வெறச்சுப் போய்க் கெடக்கேன்."

கை வைப்பதா? கரைமேலா? பின்னால் வந்த காவல்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலில் இருந்த பயம் வெள்ளைச்சாமிக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும், "எங்க ஆளு மேல பழி போடாத" என்று சொல்லிவிட்டு ஆற்றோடு போனான்.

சுற்றி வரும்போதெல்லாம் அவள் கூப்பிட்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் குரல் இளைத்தது, கிருமிகள் பெருகின. பிறகு ஒரு சுற்றில் குரலே இல்லை.

அப்போதுதான் பாவி கரையைப் பிடித்தான். ஆறு அவனைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. விடாமல் தொற்றிக்கொண்டு தடவினான். கரைச்சி கல்லாய்க் கிடந்தாள்.

"அக்கா" என்றான். கேட்க யார் இருக்கிறார்கள்?

இரண்டு காதையும் பிய்த்து ஆற்றில் எறிந்தான். "எவன் பேச்சையும் இனி நம்பாதீங்க! கரையைத் தொட்டுக்கிட்டே போங்க. எங்க வெறச்சிருக்கோ அங்கதான் பகை!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான். கரைச்சிக்குப் பக்கத்திலிருந்த இடுக்கில் உடம்பை நசுக்கி நுழைந்து, கிருமிகளை விழுங்கி, அங்கேயே சீழாய்ச் செத்தான். வெட்கத்தில் மற்றவர்களும் தங்கள் காதுகளைப் பிய்த்தெறிந்தார்கள்.

அன்று முதல்தான் வெள்ளையணுக்கள் கரையைத் தடவியபடி உருண்டு போகின்றன. ஆறு இழுக்க இழுக்க அவற்றின் பிடி இறுகுகிறது. விறைப்புத் தட்டுப்பட்டால் இடுக்கில் நுழைந்து போய்ச் சாகின்றன. வயதாகி, எந்தக் கிருமியும் வராமல், கரை தானாகவே விறைத்துப் போகும் காலம் ஒன்று உண்டு. அங்கேயும் கூட்டம் கூட்டமாக நுழைந்து குடைகின்றன, அது தங்கள் சொந்தக் கரை என்று யார் சொன்னாலும் கேட்கக் காதில்லாமல்.